ஐரோப்பிய அரசியலும் பொருளாதாரமும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. சென்னை, கோவை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் படிக்க நினைப்பவர்கள் ஒரு வகை. பாரிஸ் புறநகரிலோ டோர்ட்முண்டிலோ சூரிச்சிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்து, பள்ளியை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இன்னொரு வகை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்தான் சில இடங்களில் கையில் இருக்கும் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும். அந்த இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இது அரசியல் படிப்பா, பொருளாதாரப் படிப்பா?

இரண்டும்தான். பிரித்தால் இரண்டும் புரியாது என்பதுதான் இந்தப் படிப்பின் அடிப்படையே. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் வைத்த யோசனையைப் பாருங்கள். பிரான்சும் ஜெர்மனியும் இனி போரிடக் கூடாது என்பது அரசியல் நோக்கம். அதற்கு அவர் கேட்டது இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது. மறு ஆண்டே ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்றிலிருந்து இன்றுவரை இதே கதைதான்: அரசியலில் முடியாததைச் சந்தை வழியாகச் செய்வார்கள், சந்தையில் சிக்கல் வந்தால் அரசியல் தலைவர்கள் விடிய விடிய உட்கார்ந்து பேசுவார்கள்.

பல்கலைக்கழகங்கள் இதற்கு வைக்கும் பெயர்கள் பலவிதம். ஐரோப்பிய ஆய்வுகள், ஐரோப்பிய அரசியல் பொருளாதாரம், ஐரோப்பியப் பொதுக் கொள்கை என்றெல்லாம் இருக்கும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடப் பட்டியலை எடுத்து, பொருளாதாரம் எத்தனை தாள், சட்டம் எத்தனை தாள், பண்பாடு எத்தனை தாள் என்று எண்ணுங்கள். ஒரே பெயரில் ஓர் இடத்தில் பாதிப் படிப்பு இலக்கியமும் வரலாறுமாக இருக்கும். இன்னோர் இடத்தில் பாதி புள்ளியியலாக இருக்கும்.

ஐரோப்பா என்றால் முழுக் கண்டமுமா?

நடைமுறையில் முக்கால்வாசி ஐரோப்பிய ஒன்றியம்தான், அதாவது இப்போது 27 நாடுகள். ஆனால் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அதில் உறுப்பினர் அல்ல. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறிவிட்டது. யூரோ நாணயம் எல்லா உறுப்பு நாடுகளிலும் இல்லை. ஸ்வீடன், போலந்து, டென்மார்க் எல்லாம் தங்கள் சொந்த நாணயத்தோடு இருக்கின்றன. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதி தனி. அதில் சுவிட்சர்லாந்து உண்டு, அயர்லாந்து இல்லை.

முதல் செமஸ்டரில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய கவுன்சில் என்பது நாட்டுத் தலைவர்களின் கூட்டம். ஒன்றியத்தின் கவுன்சில் என்பது துறை அமைச்சர்களின் கூட்டம். ஐரோப்பாவின் கவுன்சில் என்பது ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும், ஒன்றியத்தோடு சம்பந்தமே இல்லாத, 46 நாடுகளின் மனித உரிமை அமைப்பு. யார் யோசித்து இப்படிப் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. தேர்வில் மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

முதல் ஆண்டில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

1945க்குப் பிந்தைய வரலாறு, ஒன்றியத்தின் அமைப்புகள், அடிப்படைப் பொருளாதாரம், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் புள்ளியியல், ஒரு மொழி. இவற்றில் மாணவர்கள் சலிப்பு என்று நினைத்துத் தள்ளிப்போடுவது அமைப்புகளைப் பற்றிய தாள். ஆனால் சுவாரசியமே அங்கேதான். சட்டத்தை முன்மொழிவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம். அதை நிறைவேற்றுவது அமைச்சர்கள் கவுன்சிலும் நாடாளுமன்றமும் சேர்ந்து. கவுன்சிலில் பெரும்பாலான விஷயங்களுக்கு 55 விழுக்காடு நாடுகள், அதாவது 15 நாடுகள், சம்மதிக்க வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடாவது இருக்க வேண்டும். எந்த நான்கு நாடுகள் கைகோத்தால் ஒரு சட்டத்தைத் தடுக்க முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐரோப்பியச் செய்திகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

கோட்பாடுகளும் உண்டு. அரசியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களில் ஒரு வாதம் வைத்தார்: ஒரு துறையில் நாடுகள் இணைந்தால் அந்த இணைப்பு அடுத்த துறைக்கும் தானாகப் பரவும். நிலக்கரியில் தொடங்கியது போக்குவரத்துக்கும் வரிக்கும் நாணயத்துக்கும் போகும். அந்த வாதத்தின் முகத்தில் அடித்த மாதிரி 1965இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் தன் பிரதிநிதிகளை கவுன்சில் கூட்டங்களிலிருந்து திருப்பி அழைத்தார். ஏழு மாதம் பிரான்சின் நாற்காலி காலி. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம் ஆன பிறகுதான் திரும்பி வந்தார்கள். கடைசி முடிவு நாடுகளின் கையில்தான் என்று ஸ்டான்லி ஹாஃப்மன் எழுதினார். பிறகு ஆண்ட்ரூ மொராவ்சிக் அதை விரித்து, உள்நாட்டுப் பொருளாதார நலன்கள்தான் ஒவ்வொரு அரசின் பேரத்தையும் தீர்மானிக்கின்றன என்றார். இந்த இரு தரப்பையும் வைத்துக்கொண்டு எழுதாத மாணவர் கட்டுரையே ஐரோப்பாவில் இல்லை என்று சொல்லலாம்.

என் கருத்தைக் கேட்டால், கோட்பாட்டை முதலில் படித்து அதற்குள் நிகழ்ச்சிகளைத் திணிப்பதைவிட, காலி நாற்காலி மாதிரி ஒரு நிகழ்ச்சியை முழுசாகத் தெரிந்துகொண்டு பிறகு கோட்பாட்டுக்குப் போவது நல்லது.

எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. சமாளிக்க முடியுமா?

இளங்கலையில் சமாளிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். முதுகலையில் பொருளாதாரம் சார்ந்த படிப்பு எடுத்தால் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறை தெரியாமல் தப்ப முடியாது. அரசியல் பக்கம் ஒதுங்கினாலும் இன்றைக்கு நாடாளுமன்ற வாக்குப் பதிவுகளையும் கருத்துக் கணிப்புகளையும் தரவாக வைத்துத்தான் ஆய்வு நடக்கிறது. பயந்து கணக்கு இல்லாத படிப்பாகத் தேடிப் பிடிப்பவர்கள் பிற்பாடு வேலை தேடும்போது அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் ஒன்றை இரண்டாம் ஆண்டுக்குள் பழகிக்கொள்ளுங்கள்.

யூரோவைப் பற்றி இவ்வளவு படிக்க என்ன இருக்கிறது?

நிறைய. இந்தப் படிப்பின் மையமே அதுதான் என்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1961இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் ஒரு கேள்வி கேட்டார்: எந்தெந்தப் பகுதிகள் ஒரே நாணயத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்? தொழிலாளர்கள் வேலை இருக்கும் இடத்துக்கு எளிதில் இடம்பெயர வேண்டும், அல்லது கூலியும் விலையும் ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால், ஒரு பகுதி நலிவடையும்போது நாணய மதிப்பைக் குறைத்துத் தப்பிக்கும் வழியும் இல்லாமல் அது மாட்டிக்கொள்ளும். மத்தியில் பெரிய நிதிநிலை இருந்தால் அங்கிருந்து பணம் பாய்ந்து காப்பாற்றும் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். அமெரிக்க மத்திய அரசின் செலவு அந்நாட்டு ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், 20 விழுக்காட்டுக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆண்டு நிதிநிலை உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு மட்டுமே. அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விவசாயத்துக்குப் போகிறது.

இது தெரிந்தும் 1992இல் பொது நாணயத்துக்கு வழிவகுத்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜெர்மனி ஒன்றிணைந்த நேரம் அது. பெரிதாகிவிட்ட ஜெர்மனியை ஐரோப்பாவோடு இறுக்கமாகப் பிணைக்க வேண்டும் என்ற அரசியல் அவசரம் பொருளாதாரத் தயக்கங்களை ஓரங்கட்டியது. பாதுகாப்புக்கு இரண்டு எண்கள் வைத்தார்கள்: பற்றாக்குறை ஜிடிபியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2003இல் அந்த விதியை மீறியவர்கள் ஜெர்மனியும் பிரான்சும்தான். நிதி அமைச்சர்கள் கூடி நடவடிக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

2009 அக்டோபரில் கிரீஸில் ஆட்சி மாறியது. முந்தைய அரசு சொன்ன பற்றாக்குறைக் கணக்கு பொய் என்று தெரிய வந்தது. திருத்திப் பார்த்தால் 15 விழுக்காட்டுக்கு மேல். 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ கடனுதவி. அப்புறம் அயர்லாந்து, போர்ச்சுகல் என்று வரிசையாக விழுந்தன. செய்தித்தாள்கள் ஊதாரித் தெற்கு என்று எழுதின. இந்த இடத்தில்தான் நல்ல ஆசிரியர் குறுக்கே வந்து ஓர் அட்டவணையைக் காட்டுவார். 2007இல் ஸ்பெயினின் அரசுக் கடன் ஜிடிபியில் 36 விழுக்காடு, ஜெர்மனியுடையது 64 விழுக்காடு. ஸ்பெயின் அந்த ஆண்டு உபரி நிதிநிலை வைத்திருந்தது. ஆக விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த நாடும் விழுந்தது. ஸ்பெயினில் வெடித்தது வீட்டுக் கடனும் அதைக் கொடுத்த வங்கிகளும். அரசின் செலவை மட்டும் கண்காணித்த விதிகள் தனியார் கடனைப் பார்க்கவே இல்லை.

2012 ஜூலை 26 அன்று லண்டனில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எது வேண்டுமானாலும் செய்வோம் என்று ஒரு வரி சொன்னார். கடன் பத்திரங்களின் வட்டி இறங்கத் தொடங்கியது. அதற்காக அறிவித்த பத்திரக் கொள்முதல் திட்டத்தில் கடைசிவரை ஒரு யூரோகூடச் செலவாகவில்லை. பொருளாதார மாணவருக்கு இது எதிர்பார்ப்புகளின் பலம். அரசியல் மாணவருக்கு, யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஒரு வரியில் கண்டத்தின் தலைவிதியை மாற்ற முடியுமா என்ற கேள்வி. சட்ட மாணவருக்கு கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகள். 2020 மே 5 அன்று, வங்கியின் இன்னொரு பத்திரக் கொள்முதல் திட்டத்தைப் பற்றிய தீர்ப்பில், ஐரோப்பிய நீதிமன்றமே தன் வரம்பை மீறிவிட்டது என்று அது சொல்லிவிட்டது.

2015 ஜூலை 5 அன்று கிரீஸில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் கடன் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். எட்டு நாள் கழித்து அதே அரசு ஏறக்குறைய அதே நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. ஏன் என்று நான்கு பக்கம் எழுதச் சொன்னால், அதில் அரசியல் எங்கே முடிகிறது, பொருளாதாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். முடியாது.

சட்டம் எதற்கு? நான் வக்கீல் ஆகப் போவதில்லையே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதி வரலாறு லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. 1963இல் வான் கென்ட் என் லோஸ் என்ற டச்சுப் போக்குவரத்து நிறுவனம், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஒரு வேதிப்பொருளுக்கு சுங்கவரி 3 விழுக்காட்டிலிருந்து 8 ஆகிவிட்டது என்று வழக்குப் போட்டது. சின்ன விஷயம். தீர்ப்பு சின்னதல்ல: ஒப்பந்தம் நாடுகளுக்கு மட்டுமல்ல, தனிமனிதர்களுக்கும் நேரடியாக உரிமை தருகிறது என்றது. அடுத்த ஆண்டு ஓர் இத்தாலியர் தன் மின்கட்டண பில்லை எதிர்த்துப் போட்ட வழக்கில், ஐரோப்பியச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்றது. பிரெஞ்சு பிளாக்கரண்ட் பழ மதுவில் போதுமான ஆல்கஹால் இல்லை என்று ஜெர்மனி விற்பனையைத் தடுத்ததைப் பற்றி 1979இல் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டில் முறைப்படி விற்கும் பொருளைத் தக்க காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்க முடியாது என்ற கொள்கை அந்த பாட்டிலிலிருந்து வந்ததுதான்.

இளங்கலையிலேயே இதை எடுக்கலாமா, முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

என் பதில் பலருக்குப் பிடிக்காது. இளங்கலையில் பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ சட்டமோ ஒன்றை ஆழமாகப் படியுங்கள். ஐரோப்பாவை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலவையான இளங்கலைப் பட்டத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் ஊன்றி நிற்க முடியாது. பொருளாதார முதுகலைக்கு விண்ணப்பித்தால் நுண்பொருளியல் தாள் போதவில்லை என்று தள்ளிவிடுவார்கள்.

விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே ஐரோப்பாவில் வளர்ந்து, இரண்டு மூன்று மொழி சரளமாக வரும் பிள்ளைக்கு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் மாதிரி இடத்தில் இளங்கலை ஐரோப்பிய ஆய்வுகள் நன்றாகவே பொருந்தும். அங்கே விரிவுரையைவிட சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து ஒரு சிக்கலை விவாதிப்பதுதான் பாடமுறை. வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு முதல் சில மாதம் கஷ்டம்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, என்ன தேவை என்று பாருங்கள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949இல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரி, ஒன்றியத்தின் அதிகாரிகளை உருவாக்கும் நாற்றங்கால் என்று பெயர் எடுத்தது. 1992 முதல் வார்சாவின் நாதோலினிலும் வளாகம் உண்டு. பெரும்பாலும் ஓராண்டு முதுகலைதான், எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும், ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும். 1988இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஐரோப்பிய மத்திய அதிகாரத்தைச் சாடிப் பேசியது இந்தக் கல்லூரியின் நிகழ்ச்சியில்தான். விருந்தாளியாகக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பிரான்சின் சியான்ஸ் போ, இளங்கலையை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறது. நான்சி வளாகம் ஜெர்மனிப் பக்கம் பார்க்கும், டிஜோன் வளாகம் கிழக்கு ஐரோப்பாவைப் பார்க்கும். ஜெர்மனியில் ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில் வியாத்ரினா பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய ஃபிராங்க்ஃபர்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பாலத்தைக் கடந்தால் போலந்து. எல்லைப் பகுதி, இடப்பெயர்வு, கிழக்கு விரிவாக்கம் போன்றவற்றில் ஆர்வம் இருந்தால் பொருத்தமான இடம். முனைவர் பட்டம் என்றால் ஃபுளாரன்ஸ் பக்கத்துக் குன்றில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம். ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக் காப்பகமும் அங்கேதான். சுவிஸ் பிள்ளைகளுக்கு பாசலிலும் ஜெனீவாவிலும் நல்ல நிறுவனங்கள் உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பதும் ஒரு கோணம்தான்.

இந்தியாவிலேயே படிக்க வேண்டும் என்றால் டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜேஎன்யூ) மணிப்பாலிலும் ஐரோப்பிய ஆய்வு மையங்கள் இருக்கின்றன.

செலவு எவ்வளவு ஆகும்? உதவித்தொகை கிடைக்குமா?

ஒன்றியக் குடியுரிமை இருந்தால் பெரும்பாலான நாடுகளில் கட்டணம் குறைவு. இல்லாதவர்களுக்கு நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இந்திய மாணவர்களில் பெரும்பாலானோருக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முதலில் அதைத் தொடங்குங்கள். பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,900 யூரோ. தள்ளுபடி தரும் இடங்களும் உண்டு. நெதர்லாந்தில் வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

உதவித்தொகை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் கட்டணமும் போய் மாதம் 1,400 யூரோ கையில் வரும். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்க வேண்டும். பிராக், கிராகோவ், லைடன், பார்சலோனா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய அரசியலும் சமூகமும் என்ற முதுகலை இந்தத் துறைக்கு நேரடியாகப் பொருந்துவது. போட்டி கடுமை. விண்ணப்பங்கள் பொதுவாகக் குளிர்காலத்தில் முடிந்துவிடும், அதாவது படிப்பு தொடங்குவதற்கு எட்டு ஒன்பது மாதம் முன்பே.

ஆங்கிலம் மட்டும் போதுமா?

பட்டம் வாங்கப் போதும். வாழவும் வேலைக்கும் போதாது. ஒன்றியத்துக்கு 24 அதிகாரபூர்வ மொழிகள். லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குள் நீதிபதிகள் விவாதிப்பது இன்றும் பிரெஞ்சில்தான். பிரஸ்ஸல்ஸ் அலுவலக வேலைகளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு இருப்பவர் ஒரு படி முன்னால் நிற்கிறார். ஜெர்மனியில் தங்க நினைத்தால் ஜெர்மன் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அந்த ஆறு மாதத்தில் பிரெஞ்சு கற்றுத் தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸிலோ ஜெர்மன் கற்றுத் தரும் கோத்தே நிறுவனத்திலோ இரண்டு நிலை முடித்திருக்கலாம். சென்னையில் இரண்டும் இருக்கின்றன.

படித்து முடித்தால் பிரஸ்ஸல்ஸில் வேலை கிடைக்குமா?

இங்கேதான் கடவுச்சீட்டு குறுக்கே வருகிறது. விளம்பரக் கையேடுகள் இதைச் சிறிய எழுத்தில் போடுகின்றன, நான் பெரிதாகவே சொல்கிறேன். ஒன்றிய அமைப்புகளின் நிரந்தர அதிகாரி வேலைக்கு எப்சோ என்ற தேர்வாணையம் போட்டித் தேர்வு நடத்துகிறது. எழுத ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். இந்திய, இலங்கைக் குடிமக்கள் எழுத முடியாது. சுவிஸ் கடவுச்சீட்டுக்கும் இல்லை, பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கும் இப்போது இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியிலும் அப்படித்தான். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கோ இந்தக் கதவு முழுசாகத் திறந்தே இருக்கிறது. இரண்டு ஒன்றிய மொழிகள் வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தடையே அல்ல. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களில் மருத்துவம், பொறியியல் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

ஆணையத்தின் ஐந்து மாதப் பயிற்சிப் பணி, நீலப் புத்தகப் பயிற்சி என்பார்கள், மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும். சம்பளம் உண்டு. அதில் மட்டும் வெளிநாட்டவருக்குக் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறார்கள்.

அமைப்புகளுக்கு வெளியே பிரஸ்ஸல்ஸ் பெரிய சந்தை. ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் 12,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் பதிந்திருக்கின்றன. தொழில் சங்கங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், சிந்தனைக் குழாம்கள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் வேலைக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை, ஆனால் வேலை அனுமதி வாங்கித் தர முதலாளி முன்வர வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை தேட ஜெர்மனி 18 மாதம், நெதர்லாந்து ஓராண்டு தருகின்றன. ஊருக்குத் திரும்பினால் டெல்லியிலும் கொழும்பிலும் இருக்கும் ஒன்றியத் தூதரகங்கள் உள்ளூர் ஆட்களை எடுப்பதுண்டு. ஏற்றுமதி நிறுவனங்களிலும் வணிகக் கொள்கை ஆய்விலும் ஆள் தேவை இருக்கிறது.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டனில் போய் ஐரோப்பாவைப் படிப்பதில் அர்த்தம் உண்டா?

பாடத்துக்காக என்றால் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் (எல்எஸ்இ) ஐரோப்பிய நிறுவனம் இன்னமும் வலுவானது, வெளியேறிய நாட்டில் இருந்து வெளியேற்றத்தைப் படிப்பதில் ஒரு கூர்மையும் இருக்கிறது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேறும் தரப்புக்கு 51.9 விழுக்காடு ஏன் வந்தது என்று தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். பணக் கணக்கு வேறு. இங்கிலாந்தில் 2021 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேரும் ஒன்றிய மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கிடையாது. அங்கே முன்பே குடியேறித் தங்கும் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் நிலைமை வேறு. பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்குமா?

தலைப்பு கொட்டிக் கிடக்கிறது. ஜெர்மன் மாணவர் நூறாவது முறையாக ஜெர்மன் நிதிக் கொள்கையை எழுதும்போது உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத களம் இருக்கிறது.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உரிமை ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்துவதில் குறைபாடு என்று சொல்லி, ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தியது, 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. நடுவில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு என்ன ஆயிற்று, அரசின் போக்கு மாறியதா என்பது அருமையான ஆய்வுக் கேள்வி. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று இலங்கை மீனுக்கு 2015இல் வந்த தடை 2016இல் நீங்கியது. இரண்டு தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று சீக்கிரம் தீர்ந்ததும் மற்றது ஏழு ஆண்டு இழுத்ததும் ஏன் என்று கேட்கலாம். இயன் மேனர்ஸ் 2002இல் ஒன்றியம் படைபலத்தால் அல்ல, நெறிகளால் உலகை மாற்றும் சக்தி என்று எழுதினார். அது நெறியா, சந்தையின் அளவு தரும் பலமா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. விடுதலைப் புலிகளைப் பட்டியலிட்டது தொடர்பாக லக்சம்பர்க்கில் நடந்து 2017 ஜூலையில் முடிந்த வழக்கும் ஐரோப்பியத் தடைச் சட்டப் பாடங்களில் வருவது. முடிவுக்கான ஆதாரம் எங்கிருந்து வர வேண்டும் என்ற நடைமுறைக் கேள்வியில் நின்ற வழக்கு அது.

திருப்பூர், கரூர் பக்கம் வந்தால், ஐரோப்பா தடைசெய்த அசோ சாயங்கள் துணியில் இல்லை என்று ஏற்றுமதியாளர் சோதனைச் சான்று காட்ட வேண்டும். 2026 ஜனவரி முதல் எஃகு, அலுமினியம், சிமெண்ட் இறக்குமதிகளின் கரிம உமிழ்வுக்கு ஒன்றியம் விலை போடுகிறது. பிரஸ்ஸல்ஸில் எழுதும் விதி ஊரில் ஒரு சாயப்பட்டறைக் கணக்கில் எப்படி வந்து உட்காருகிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுத உங்களால் முடியும்.

தரவுக்குக் காசு வேண்டாம். ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், ஒன்றியச் சட்டங்கள் முழுவதும் இருக்கும் யூர்-லெக்ஸ், 1970களிலிருந்து நடக்கும் யூரோபாரோமீட்டர் கருத்துக் கணிப்பு எல்லாம் இலவசம்.

செய்தி தினமும் மாறுகிறதே, படித்தது பழசாகிவிடாதா?

விவரங்கள் பழசாகும். 2026 தொடக்கத்தில் பல்கேரியா சேர்ந்ததோடு யூரோ நாடுகள் 21. அடுத்த பதிப்புப் பாடநூல் வருவதற்குள் அதுவும் மாறலாம். ஆனால் 2020 ஜூலையில் நான்கு நாள் பேரம் பேசி 750 பில்லியன் யூரோ மீட்பு நிதிக்கு ஒன்றியமே பொதுவாகக் கடன் வாங்கச் சம்மதித்தபோது, அது ஏன் பெரிய விஷயம் என்று புரிந்தவர்கள் 2010இன் கதையை ஒழுங்காகப் படித்தவர்கள்தான்.

சேர்வதற்கு முன் சும்மா இருக்கும் மாதங்களில் என்ன செய்யலாம்?

மொழியைச் சொல்லிவிட்டேன். அதோடு ஒன்றியத்தின் ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டமாகவோ, எல்லாக் கைபேசிக்கும் ஒரே சார்ஜர் என்ற சட்டமாகவோ இருக்கட்டும். யூர்-லெக்ஸில் ஆணையத்தின் முதல் வரைவைத் திறந்து, கடைசியில் நிறைவேறிய வடிவத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த வரி போயிற்று, எந்த வரி புதிதாக வந்தது, எந்தத் தேதி இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாடாளுமன்றத்தில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று அதன் தளத்தில் தேடுங்கள். ஒரு வாரம் பிடிக்கும். சேர்க்கை விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கடிதத்தில், சிறு வயதிலிருந்தே ஐரோப்பா மீது ஆர்வம் என்று எழுதுவதற்குப் பதிலாக அதை எழுதுங்கள்.